சென்றாயன் வரைந்த முதுகு

சென்றாயன் என்ற பேரைச் சொன்னாலே எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. தூரிகையைத் துடைக்க எத்தனை கந்தல் கொடுத்தாலும் அவன் தன் தலைமுடியில்தான் துடைப்பான். காதோரம் பச்சை, நெற்றியில் மஞ்சள் என்று என் கடை வாசலில் வந்து நிற்பான். வருகிற வாடிக்கைக்காரர்கள் அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சேலம் கடைவீதியில் என் சட்டக் கடைக்கும் அவனுடைய ஓலைக் கொட்டகைக்கும் நடுவே ஒரே ஒரு தட்டிதான். அவன் படம் எழுதுவான், நான் சட்டமும் கண்ணாடியும் போடுவேன். சாமிக்குக் கண் திறப்பது அவன் பாடு. அதன்மேல் தூசி விழாமல் பார்த்துக்கொள்வது நசுருல்லாவாகிய என் பாடு. இப்படியே எங்கள் காலம் ஓடியது.

அவன் கெங்கவல்லிப் பக்கத்துக்காரன். ஒரு நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுத வந்தவன். கம்பெனி சேலத்தில் கலைந்து, ஆர்மோனியக்காரர் முதல் ராஜபார்ட் வரை அவரவர் ஊருக்கு வண்டி ஏறிவிட்டார்கள். இவன் மட்டும், "ஊருக்குப் போயி என்னா பண்றது பாய்? அங்க கத்தரிக்காய்க்கா வர்ணம் அடிக்கிறது?" என்று என் பக்கத்திலேயே கொட்டகை போட்டுக்கொண்டான். கோயில் சுவர், அய்யனார் குதிரை, கல்யாண வீட்டுத் தட்டி எல்லாம் எழுதினான். ஆனால் அவனுக்குச் சாமிகளைத்தான் எழுதத் தெரியும். ஒரு ஜவுளிக்கடை முதலாளியை எழுதச் சொன்னதற்கு, முருகனுக்கு அங்கவஸ்திரம் போட்ட மாதிரி எழுதி வைத்தான். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர் சம்சாரம்தான் படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாருங்க?" என்று கேட்டாள்.

அப்படிப்பட்ட ஆளிடம்தான் பனமரத்துப்பட்டி சாலம்மாள் வந்து சேர்ந்தார். யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். ஏரிக்கரையில் கொஞ்சம் நிலம் வைத்துப் பயிர் செய்கிற வீடு. புருஷன் இல்லை. ஒரே மகன் குமாரசாமி, குண்டு போடும் விமானத்தில் துப்பாக்கி பிடிக்கிற வேலைக்குப் பர்மாவுக்குப் போயிருந்தான். விமானத்தைக் காணவில்லை, அவன் இறந்துபோனதாகவே கருத வேண்டும் என்று சர்க்காரிலிருந்து தந்தி வந்துவிட்டது. கருமாதி முடிந்து, மருமகள் தெய்வநாயகியின் தாலியைக் கழற்றி, வெள்ளைச் சேலை கட்டவும் வைத்தாயிற்று. கும்பிடுவதற்கு ஒரு படம் வேண்டும் என்று சாலம்மாள் வந்து நின்றார். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று மகனை ஒரு போட்டோகூட எடுக்க விடாத மனுஷி அவர். பார்த்து எழுத எதுவும் இல்லை.

"நீங்க சொல்லுங்கம்மா, நான் எழுதறேன்," என்றான் சென்றாயன். அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அழுதார். மூக்கு இப்படி, தாடையில் இங்கே ஒரு தழும்பு என்று சொல்லிக்கொண்டே வந்தவருக்குக் கண்ணைச் சொல்ல வரவில்லை. சென்றாயன் அவருடைய கண்ணையே பார்த்து எழுதத் தீர்மானித்தான். மார்பளவுப் படம், காக்கிச் சட்டை, தலையில் தொப்பி. முகம் பாதி சாமி, பாதி சாலம்மாள்.

இதோடு விட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பேச வேலையே இருந்திருக்காது. சென்றாயனுக்கு எந்த முகத்தையும் ஒரே ஒரு விதமாகத்தான் முடிக்கத் தெரியும். கருவிழியை மட்டும் விட்டுவைத்து, படத்தை வீட்டுக்கே கொண்டுபோய், எதிரே ஒரு கண்ணாடியைப் பிடித்து, தேனும் நெய்யும் தொட்டு வைத்துவிட்டுத்தான் கடைசிப் புள்ளியை இடுவான். அது சாமிக்குச் செய்கிற கண் திறப்பு. செத்துப்போன பிள்ளையின் படத்துக்கு யாராவது அதைச் செய்வார்களா? இவன் செய்தான். நான் ஆணியும் சுத்தியலுமாகப் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் புள்ளியை வைத்ததும், கூடியிருந்த பெண்கள் அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சாலம்மாள் படத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"யோவ், என்னய்யா காரியம் பண்ணிட்ட?" என்று வழியில் கேட்டேன்.

"கண்ணு வெக்காம எப்படிப் பாய் வர்றது?" என்றான் அவன், பெரிய நியாயஸ்தன் மாதிரி.

அதன்பின் அந்த வீட்டில் ஒரு சாமி குடிவந்துவிட்டது. காலையிலும் மாலையிலும் விளக்கு, செவ்வந்தி மாலை, கற்பூரம். சாலம்மாள் மழை கேட்டார், மழை வந்தது. பக்கத்துக் காட்டுக்காரரின் எருமை காணாமல் போய், இங்கே வந்து வேண்டிக்கொண்ட பிறகு கிடைத்தது. எருமை தானாக வீடு திரும்பாதா என்று என்னைக் கேட்காதீர்கள். அதை அந்த ஊரில் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

யுத்தம் முடிந்த வருஷம், ஐப்பசி மாதம். காக்கி நிஜாரும் வெளுத்த சட்டையுமாக ஒருவன் என் கடைக்குள் வந்தான். ஒடிசலான உடம்பு. வெயில் தின்ற முகம். தாடையில் ஒரு தழும்பு.

"ஏனுங்க பாய், நான் யாருன்னு தெரியுதுங்களா?"

"தெரியலையே."

"நீங்க சட்டம் போட்டு ஆணியடிச்சு மாட்டின ஆளுங்க நானு."

கையிலிருந்த கண்ணாடித் துண்டு கீழே விழுந்து உடைந்தது. யா அல்லா என்று நான் போட்ட சத்தத்தில் சென்றாயன் தட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். வந்தவனை மேலும் கீழும் பார்த்தான். பயப்படவில்லை. "கண்ணு கொஞ்சம் சின்னதா இருக்குது," என்றான். சென்றாயனை ஒரு குத்து விடலாமா என்றிருந்தது எனக்கு.

உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். குமாரசாமி எல்லாம் சொன்னான். விமானம் அடிபட்டு ஓர் ஆற்று மணலில் இறங்கியது. ஓட்டிய மித்ரா என்ற வங்காளத்துக்காரரும் இவனும் ஜப்பான்காரர்களிடம் உயிரோடு பிடிபட்டார்கள். ரங்கூன் ஜெயிலில் கிடந்தார்கள். யுத்தம் திரும்பியதும் விடுதலை. மித்ரா கல்கத்தாவுக்குப் போனார், இவன் பனமரத்துப்பட்டிக்கு வந்தான்.

"ஊரே கூடி நின்னுச்சுங்க. எங்கம்மா என்னைக் கட்டிப் புடிச்சு அழுதுச்சு. பக்கத்து ஊட்டு அக்கா ஆலாத்தி எடுத்தாங்க. எம் பொண்டாட்டி கதவுக்குப் பின்னால நின்னு பார்த்துக்கிட்டிருந்தாளுங்க. வெள்ளைச் சேலை கட்டினவ ஆலாத்தித் தட்டைத் தொடக் கூடாதுல்லீங்க? புருஷனுக்கே ஆலாத்தி எடுக்க முடியாம நின்னா."

"அதான் நீ வந்துட்டியே. மறுபடி தாலியைக் கட்டிட வேண்டியதுதானே?"

"கட்டலாமுங்க. தலைக்குத் தண்ணி ஊத்தி, புதுசாப் பேர் வெச்சு, தாலி கட்டிக்கன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. ஆனா செத்தவனுக்கு வெளக்கு எரியற ஊட்டுல தாலி கட்டக் கூடாதுங்கறாங்க. எங்கம்மா அந்த வெளக்கை அணைக்க மாட்டேங்குது."

"நீ உயிரோட இருக்கறதை நம்பலையா?"

"நம்புதுங்க. அதான் பயப்படுது. 'அந்தச் சாமிகிட்ட உன்னைத் திருப்பிக் குடுன்னு கேட்டேன், குடுத்துச்சு. அங்க வெளக்கணைஞ்சா இங்க உனக்கு எதுனா ஆயிருமடா'ங்குது. எனக்குச் சோறு போடறதுக்கு முன்னால மொத உருண்டையைப் படத்துக்குத்தான் வெக்குது."

தெய்வநாயகியின் அண்ணன்மார் பொறுத்துப் பார்த்துவிட்டு, தை பிறந்தும் கழுத்தில் தாலி ஏறவில்லையென்றால் தங்கச்சியை வண்டி வைத்துக் கூட்டிப் போய்விடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம். உயிரோடு இருக்கிற புருஷன் வீட்டில் எதற்கு அவள் முண்டச்சியாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

"எனக்கு ஒரு படம் எழுதிக் குடுங்க," என்றான் குமாரசாமி. "அன்னைக்கு ஆகாசத்துல நடந்தது அப்படியே வேணும். நான் எப்படிப் போனேன், எப்படித் தப்பிச்சேன்னு எங்கம்மா கண்ணால பார்க்கட்டும். வாயால சொன்னா தலையை ஆட்டிட்டு வெளக்குக்கு எண்ணெய் ஊத்தப் போயிருது."

சென்றாயன் அன்றே ஆரம்பித்தான். தான் செய்த காரியம் இப்படி ஒரு பெண்ணின் கழுத்தில் வந்து விடிந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதை நான் பார்த்தேன். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவன் பழைய சென்றாயன்தானே? முதல் நாள் எழுதிய விமானத்துக்குத் தேர்ச்சக்கரம் இருந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினான்.

"றெக்கையில தாமரைப்பூ எதுக்குங்க?" என்றான் குமாரசாமி.

"வெறிச்சுனு இருக்குதே."

"வெறிச்சுனுதான் இருக்குமுங்க."

இப்படிச் சண்டை போட்டுப் போட்டு, விமானம் ஒருவழியாக விமானம் ஆயிற்று. இரண்டே பேர் போகிற விமானம். முன்னால் ஓட்டுகிறவர். அவருக்கு முதுகைக் கொடுத்து, வாலைப் பார்த்தபடி உட்கார்ந்து துப்பாக்கி பிடிக்கிறவன் குமாரசாமி. உச்சியிலிருந்து மூக்கைக் கீழே குத்தி விமானம் இறங்கும், குண்டைப் போடும், மேலே ஏறும். "எறங்கறப்ப எனக்கு ஆகாசம் மட்டும்தாங்க தெரியும். ஏறறப்பதான் நெலம் தெரியும். குண்டு எங்க விழுந்துச்சுன்னு ஓட்டறவருக்குத் தெரியாது. நான்தான் பார்த்துச் சொல்லோணும்," என்றான்.

"அப்ப யுத்தத்துக்கு நீ பின்னால திரும்பி உக்காந்தா போன?" என்று சென்றாயன் கேட்டான்.

குமாரசாமியின் முகம் சுண்டிவிட்டது. ஊர்க் கிணற்றடியில் இதைச் சொல்லித்தான் அவனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். "என் சீட்டு அப்படிங்க," என்றான் தரையைப் பார்த்து.

"அதெல்லாம் எழுத முடியாது. வீரனைப் புறமுதுகு காட்டறாப்பல எழுதினா என் கை அழுகிப் போயிடும்." சென்றாயன் தீர்த்துச் சொல்லிவிட்டான். குமாரசாமியும் விட்டுக்கொடுத்துவிட்டான். ஆகவே படத்தில் அவன் விமானத்தின் நடுவே நிமிர்ந்து உட்கார்ந்து, நம்மை நேருக்கு நேர் பார்த்துத் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருந்தான். முழ அகலத்துக்கு மார்பு. எலுமிச்சம்பழம் போலக் கண்; தேனும் நெய்யும் வேண்டாம் என்று குமாரசாமி தடுத்துவிட்டதால் அதைக் கொட்டகையிலேயே எழுதி முடித்திருந்தான். கீழே பாலம் பற்றி எரிந்தது. நான் தேக்குச் சட்டம் போட்டேன். மூவரும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பனமரத்துப்பட்டிக்குப் போனோம்.

சாலம்மாள் வாசலுக்கு வந்தார். படத்தைச் சுற்றியிருந்த துணியை நான் அவிழ்த்தேன். அவர் பார்த்தார். கண் நிறைந்தது. குமாரசாமி, "அம்மா, நான் சாகலை பாருங்கம்மா. இது நானு, உயிரோட," என்றான். அவர் உள்ளே போனார். விளக்கை எடுத்து வந்து படத்தின் முன்னால் வைத்தார். திரியைத் தூண்டிவிட்டார். குங்குமத்தை எடுத்து, விமானத்தில் உட்கார்ந்திருந்தவனின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார்.

இரண்டு சாமி ஆகிவிட்டது.

குமாரசாமி கத்தினான். பெற்ற தாயிடம் கத்தக் கூடாத கத்தல். "நான் இங்க நிக்கறேன்! அங்க என்னத்தைப் பாக்கறீங்க?" சாலம்மாள் நடுங்கிப்போய், "கண்ணு, கோவிச்சுக்காதடா. அதோட கண்ணு என்னையே பாக்குதுடா. பாக்கறப்ப எப்படிடா வெளக்கு வெக்காம இருக்கறது?" என்று அழுதார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் படம் எல்லாரையும்தான் பார்த்தது. நானே இரண்டு தடவை பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து தெய்வநாயகி அப்போதுதான் வெளியே வந்தாள். இருபது வயசு தாண்டியிராது. வெள்ளைச் சேலையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, படத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, அவரு இப்படியா உக்காந்திருந்தாரு? முதுகைக் காட்டி உக்காந்திருந்தேன்னு எங்கிட்டச் சொன்னாரே."

சென்றாயன் தடுமாறினான். "வீரனுக்கு அது அழகில்லம்மா..."

"பட்டாளத்துக்குப் போனப்ப நான் பார்த்தது அவரு முதுகைத்தான். ஏரிக்கரை திரும்பற மட்டும் பார்த்துக்கிட்டு நின்னேன். அந்த முதுகு எனக்கு அழகாத்தான் இருந்துச்சு. ஊர்ல கிண்டல் பண்றவங்க பண்ணட்டும், எனக்கென்ன வெக்கம்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். குரல் உடைந்தது அப்புறம்தான் கேட்டது.

வழி நெடுக நான் சென்றாயனைத் திட்டிக்கொண்டே வந்தேன். படுதா எழுதுகிற பயலே, உன்னை யார் சாமியை உண்டாக்கச் சொன்னது, ஒன்று போதாதென்று இரண்டா என்று திட்டினேன். பதில் பேசாத சென்றாயனை எனக்குப் பழக்கமில்லை, அதனால் இன்னும் கோபம் வந்தது. குமாரசாமி எங்கள் வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிட்ட அந்த இரண்டாவது படத்தில், கண் திறப்புச் செய்யாததுதானே என்று, விமானத்தின்மேல் மயிலையும் ஆளின்மேல் முருகனையும் எழுதி ஏதோ மடத்துக்குக் கொடுத்துவிட்டான். மயிலுக்கு றெக்கை ரொம்ப நீளம்.

மார்கழியில் குமாரசாமி மறுபடி வந்தான். அண்ணன்மார் வண்டிக்குச் சொல்லிவிட்டார்கள் என்றான். அழுத முகம். ஆனால் சென்றாயனைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. "புறமுதுகுன்னீங்களே, ஒரு தடவை உக்காந்து பாருங்க. ஏற்காட்டுலேர்ந்து ஆரஞ்சு லாரி எறங்குது, என் கூட்டாளி ஓட்டறாரு. வாங்க," என்றான். நானும் தொற்றிக்கொண்டேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

பெட்ரோல் கிடைக்காத காலம். அஸ்தம்பட்டியிலிருந்து கரி எரித்து ஓடுகிற அந்த லாரி புகையைக் கக்கிக்கொண்டு ஏறியதற்கு நாங்கள் நடந்தே போயிருக்கலாம். மேலே ஆரஞ்சுக் கூடைகளை ஏற்றினார்கள். இறங்கும்போதுதான் கூத்து. லாரியின் பின்பக்கம் திறந்து கிடக்க, குமாரசாமி விளிம்பில் போய்ப் பின்னால் பார்த்தபடி கால் தொங்க உட்கார்ந்தான். சென்றாயனும் நானும் அவனுக்குப் பின்னால், கூடைகளில் சாய்ந்து, அதே திசையைப் பார்த்து உட்கார்ந்தோம். லாரி கொண்டையூசி வளைவில் திரும்பியது. நாம் போகிற இடம் நமக்குத் தெரியாது. எது வருகிறது என்று தெரியாது. மலை எங்களைவிட்டு மேலே போய்க்கொண்டே இருக்கிறது, பாதை காலடியிலிருந்து உருவிக்கொண்டு ஓடுகிறது. மூன்றாவது வளைவில் நான் வாந்தி எடுத்தேன். ஆரஞ்சு மேல் படாமல் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அந்த லாரிக்காரன் ஊரெல்லாம் வேறு மாதிரிச் சொல்லிவிட்டான்.

"இதைத்தாங்க சொன்னேன்," என்று குமாரசாமி திரும்பாமலே கத்தினான். "எது வருதுன்னு பாக்கறவன் மட்டும் வீரனில்லீங்க! எதுவும் தெரியாம உக்காந்துக்கிட்டு, பின்னால வர்றவனைப் பார்த்துக்கோணும்! ஓட்டறவரோட முதுகுக்கு என் முதுகுதான் காவல்!"

ஒரு வளைவு திரும்பியபோது மரங்கள் விலகி, கீழே சேலம் பூமி முழுக்கத் தெரிந்தது. வயல், ஏரி, மின்னுகிற ஓட்டுக் கூரைகள். அதன் நடுவே குமாரசாமியின் முதுகு. சட்டை காற்றில் உப்பியிருந்தது. சென்றாயன் என் கையைப் பிடித்து அமுக்கினான்.

"பாய், அவன் கண்ணு எங்க இருக்குது?"

"அந்தப் பக்கம். எனக்கு மறுபடி வாந்தி வருது, விடு."

"அந்தப் பக்கம் பாக்குது பாய். நம்மளைப் பாக்கலை. நம்மளைப் பாக்காததுக்கு யாரு வெளக்கு வெப்பாங்க? முதுகுக்கு யாரு மாலை போடுவாங்க?"

வாந்தியோடு வாந்தியாக எனக்கும் விளங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவன் தலையில் வர்ணத்தைத் தவிர வேறு ஏதோவும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நம்பினேன்.

மறுநாள் பனமரத்துப்பட்டியில் சென்றாயன் சாலம்மாள் முன்னால் தரையில் உட்கார்ந்தான். மாலையோடு இருந்த பழைய படத்தைக் காட்டி, "அம்மா, நான் அழிக்க மாட்டேன். கண்ணு தொறந்த சாமியை அழிச்சா என் கண்ணு போயிடும்னு எனக்கும் பயம் இருக்குது. நான் அவரைத் திருப்பி உக்கார வெக்கிறேன். அவ்வளவுதான்," என்றான்.

"அப்ப அந்தக் கண்ணு?"

"உள்ள அப்படியே இருக்கும்மா. அன்னைக்கு ஆகாசத்துல அவர் எங்க பார்த்தாரோ அங்க பார்த்துக்கிட்டிருக்கும்."

சாலம்மாள் எழுந்து விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். படத்தை எங்கேயும் எடுத்துப் போகக் கூடாது, விளக்கு முன்னாலேயே எழுத வேண்டும் என்று சொன்னார். சென்றாயன் ஒத்துக்கொண்டான். நான் ஆணியைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டு, படத்தை அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் சாய்த்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து பகல் முழுக்க அவன் அந்த வீட்டில்தான். முதலில் முகத்தைச் சுற்றி இருந்த இடத்தில் ஆகாசம் வந்தது. விமானத்தின் வால் வந்தது. அதற்கப்பால் சிவந்த ஆறு, ஆற்றில் ஒரு பாலம். எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் குமாரசாமியிடம் கேட்பான். பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சாலம்மாள் கேட்டும் கேட்காத மாதிரி இருப்பார். ஒருநாள் அவராகவே, "அந்தப் பாலம் விழுந்துச்சாடா?" என்றார்.

குமாரசாமி எழுந்து அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நடுவுல முறிஞ்சு விழுந்துச்சுங்கம்மா. நான் கண்ணால பார்த்தேன். விழுந்துருச்சுன்னு மித்ராகிட்டச் சொல்ல வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள எங்களுக்கு அடி விழுந்துருச்சு. ஜெயில்லதான் சொன்னேன். கடைசிக் கடைசியா அந்தச் சேதியைச் சொல்லணும்னுதான் நான் சாகாம இருந்தேன்னு அவரு கேலி பண்ணுவாரு."

"சாப்பாடு போட்டாங்களா ஜெயில்ல?"

அவன் சொன்னான். அவர் கேட்டார். அடுத்த நாளும் கேட்டார். உடம்பில் எங்கே அடிபட்டது என்று கேட்டார், சட்டையைத் தூக்கிப் பார்த்தார். வந்து இத்தனை மாதத்தில் அவர் கேட்காத கேள்விகள். பயத்திலே கேட்காமல் இருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தூணுக்கு அந்தப் பக்கம் தெய்வநாயகியும் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பொங்கல் கழிந்தது. எல்லாம் எழுதி முடித்து, நடுவே அந்த முகம் மட்டும் அப்படியே இருந்தது. காலையிலேயே தெய்வநாயகியின் அண்ணன்மார் இரண்டு பேரும் வண்டியோடு வந்துவிட்டார்கள். மாட்டை அவிழ்க்கவில்லை. "உங்க வேலை முடியட்டுமுங்க, நாங்க கெளம்பறோம். தங்கச்சியை வரச் சொல்லுங்க," என்றார் மூத்தவர். தெய்வநாயகியின் துணி மூட்டை கதவோரம் தயாராக இருந்தது. குமாரசாமி வாசற்படியில் சுவரைப் பார்த்து நின்றான்.

சென்றாயன் தூரிகையை எடுத்தான். தன் இரண்டு கண்ணையும் தொட்டு ஒற்றிக்கொண்டு, மாநிற வர்ணத்தைக் குழைத்து, தான் திறந்த கண்ணின் மேலேயே முதல் கோட்டை இழுத்தான். சாலம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். தடுக்கவில்லை. நெற்றி இருந்த இடத்தில் தோல் தொப்பியின் பின்பக்கம் வந்தது. மூக்கும் வாயும் இருந்த இடத்தில் பிடரி வந்தது. மார்பு இருந்த இடத்தில் வார் போட்ட முதுகு வந்தது. அவ்வளவு நேரம் நம்மைப் பார்த்திருந்த ஆள் மெள்ளத் திரும்பி, தன் ஆற்றையும் பாலத்தையும் பார்க்க உட்கார்ந்துவிட்டான். கடைசியாகச் சென்றாயன் தூரிகையைத் தலையில் துடைத்தான். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

"முடிஞ்சுதும்மா," என்றான். நான் படத்தைத் தூக்கிச் சுவரில் மாட்டினேன்.

சாலம்மாள் எழுந்தார். பழக்கத்தில் கற்பூரத் தட்டை எடுத்தார், கொளுத்தினார், படத்தின் முன்னால் வந்து நின்றார். தட்டைத் தூக்கிய கை பாதியில் நின்றுவிட்டது. இந்தப் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். தொப்பி, பிடரி, முதுகு, அதற்கப்பால் ஆறு. எந்த இடத்துக்குக் காட்டுவது?

"மூஞ்சி எங்கடா? மூஞ்சியைக் காணோமே?" என்றார்.

"இங்கதாங்கம்மா இருக்குது," என்றான் குமாரசாமி, அவருக்குப் பின்னால் வாசற்படியிலிருந்து.

சாலம்மாள் திரும்பினார். கையில் கற்பூரம் எரிந்தபடியே இருந்தது. அந்த வெளிச்சத்தில் மகனைப் பார்த்தார். சின்னக் கண், வெயில் தின்ற கன்னம், தாடையில் தழும்பு, எல்லாவற்றையும் பார்த்தார். அவனும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். கற்பூரம் எரிந்து அடங்கும் வரைக்கும் அப்படியே நின்றார்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, விளக்கை எடுத்து, திரியை எண்ணெய்க்குள் இழுத்து அவரே அமர்த்தினார்.

மூத்த அண்ணன் வாசலில் எழுந்து நின்றுவிட்டார். சாலம்மாள் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். தந்தி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு அதட்டலை யாரும் கேட்டதில்லையாம்.

"அடியே தெய்வநாயகி! எம் பையன் எத்தனை நேரமா வாசப்படியில நிக்கறான், என்னடி பண்ணிக்கிட்டிருக்கற? போயி ஆலாத்தி கரைச்சுட்டு வா!"

தெய்வநாயகி அசையவில்லை. தன்னைத்தான் சொல்கிறாரா என்று சந்தேகம் போலிருக்கிறது. மாமியாரையும் தன் வெள்ளைச் சேலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உன்னைத்தாண்டி. உம் புருஷனுக்கு நீ எடுக்காம வேற யாரு எடுப்பா?"

அவள் ஓடினாள். மூட்டை காலில் தட்டி உருண்டது, அதைக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே மஞ்சள் உரசுகிற சத்தம் கேட்டது. மூத்த அண்ணன் இறங்கிப்போய் மாட்டை வண்டியிலிருந்து அவிழ்த்துக் கட்டினார். நான் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன். சென்றாயன் என் தோளில் கை போட்டான். கை முழுக்க வர்ணம், என் வெள்ளைச் சட்டை போயிற்று. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். சிவப்புத் தண்ணி தளும்பத் தளும்ப, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெய்வநாயகி வெளியே வந்தாள்.